மத்தியானம் மூன்று மணிக்கு ராத்திரி

கண்ணு முரளி,

அந்தப் பெரிய டிவியை அனுப்பாதே. ஆர்டர் போட்டிருந்தால் கேன்சல் பண்ணு. வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்றால் வழியிலேயே திருப்பச் சொல். நேற்று நீ போனில், "பழைய டிவிதாம்மா பிரச்சனையே, சுவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு அனுப்புறேன், எல்லாம் சரியாயிடும்" என்றபோது நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்தச் "சரிப்பா" பொய். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும், உன் பெண்டாட்டி ரேவதி அனுப்புகிற படங்களில் பார்க்கிறேன். நாங்கள் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லக் கூடாதா என்பாய். எப்படிச் சொல்வது? நீ போனை எடுக்கும்போதெல்லாம் காரில் இருக்கிறாய். ஸ்பீக்கரில் ரேவதியும் குட்டியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் உன் நைனா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு ரூம் வீட்டில் அவரைப் பற்றி அவர் காதில் விழாமல் எந்த மூலைக்குப் போய்ப் பேசுவேன்? அப்படியும் ஒருநாள் தாங்க முடியாமல் அழுதுவிட்டேன். "டென்ஷன் ஆவாதம்மா, ஆபீஸ் முடிச்சிட்டுக் கூப்புடுறேன்" என்றாய். கூப்பிடவும் செய்தாய், இல்லையென்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டு, ரிமோட்டில் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ரிமோட்டைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். அதற்குப் பதிலாகத்தான் பேப்பரை எடுத்தேன். அவர் கண் அசரும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. நம் வீட்டு டப்பா டிவியில், நெட்டில் படம் காட்டுகிற உன் ஸ்டிக்கைச் சொருக ஓட்டையே இல்லை. பண்டிகை நாளும் அதுவுமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, சிவப்பு வெள்ளை மஞ்சள் ஒயர் வைத்த ஒரு சின்னப் பெட்டியை எங்கிருந்தோ வாங்கி வந்தாய். டிவிக்குப் பின்னால் ஒட்டடையில் தலையை விட்டுக்கொண்டு பாதி நாள் கிடந்தாய். பொங்கல் ஆறிப்போய்விட்டது. கடைசியில் படம் வந்தது. கேபிள் கஜேந்திரனின் பெட்டியைக் கழற்றித் துடைத்து, அவன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாய். நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே கேபிள் தண்டம் நைனா. இதுல எல்லாம் வரும். எப்ப வேணா பாக்கலாம்" என்றாய். அதற்கு அவர் உன் முகத்தையே பார்த்து, "எப்ப வேணான்னா, எப்ப?" என்று கேட்டார். நீ சிரித்தாய். குட்டி சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ பத்தாவது படிக்கும்போது உன் பரீட்சைக்காக நைனா கேபிள் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். "பையன் படிக்கட்டும், கொஞ்ச நாளு டிவி பாக்காட்டி நமக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது" என்றார். அவ்வளவு வீறாப்பாகச் சொன்ன மனுஷன், கிரிக்கெட் நடக்கிற நாளில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று பார்த்துவிட்டு வந்து, "நெல்லு கமிட்டியில வேலை ஜாஸ்தி" என்பார். பொய் சொல்லத் தெரியாது, பேச்சோடு பேச்சாக ஸ்கோரையும் சொல்லிவிடுவார். நீ புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாய். அன்றைக்கு உன் நல்லதுக்கு நாங்கள் கேபிளைப் பிடுங்கினோம். இன்றைக்கு எங்கள் நல்லதுக்கு நீ பிடுங்கினாய். உன் பரீட்சை முடிந்த அன்றைக்கே நைனா திரும்ப மாட்டிவிட்டார், அது ஒன்றுதான் வித்தியாசம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தப்பு உன்மேல் இல்லை, நான் சொன்னதில்லை. உன் நைனா நெல் ஏலம் விடுகிற கமிட்டியில் மூட்டை எடை போட்ட காலம் முழுக்க வாட்ச் கட்டியதே இல்லை. மணி அடித்தால் ஏலம், மூட்டை குறைந்தால் மத்தியானம், கேட்டைச் சாத்தினால் வீடு. இந்த மறதி நோய் வந்து, நீதானே புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாய், அதற்குப் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் புரிவதில்லை. முள் ஓடுகிறது என்பதோடு சரி. ஆனால் டிவி புரிந்தது. சாமி பாட்டு வந்தால் பல் விளக்க எழுந்துகொள்வார். செய்திக்கு முன்னால் வருகிற அந்த மேளச் சத்தம் கேட்டால் இட்லிக்குத் தட்டை எடுத்து வைப்பார். சமையல் சொல்லித் தருகிற அம்மா வந்து சிரித்தால் குளிக்கப் போவார். ராத்திரி சீரியலின் பாட்டு தொடங்கினால் போதும், நான் கூப்பிடவே வேண்டாம், கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். விளம்பரத்தில் மாத்திரை. சீரியல் முடிந்தால் படுக்கை. ஞாயிற்றுக்கிழமை சீரியல் கிடையாது, படம் ஓடும், அதைப் பார்த்துவிட்டு "கறி எடுக்கலியா?" என்று கேட்பார். நாற்பது வருஷம் குடித்தனம் செய்த நான் சொன்னால் கேட்க மாட்டார், அந்தச் சீரியல்காரி அழ ஆரம்பித்தால் ஒழுங்காகச் சாப்பிடுவார். எனக்கு அதில் பொறாமைகூட உண்டு. ஆனால் அவள்தான் எனக்கு ஒத்தாசைக்கு இருந்த இன்னொரு ஆள். அவளைத்தான் நீ கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய்.

நீ மாட்டிய புது ஏற்பாட்டில் எதுவும் தானாக வருவதில்லை கண்ணு. நாம் போய் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய எனக்கோ கண் சரியாகத் தெரியவில்லை. அந்தப் பழைய டிவியில் எழுத்தெல்லாம் ஓரத்தில் அறுந்துபோய் நசுங்கித் தெரியும். லைவும் வரும் என்றாய். வரும், வட்டம் சுற்றிக்கொண்டே வரும். குரங்கு நெட் ஒயரைக் கடித்துப்போட்டால் அதுவும் இல்லை. செஞ்சிக் கோட்டையிலிருந்து இறங்கி வருகிற அந்தக் கூட்டத்துக்கு நம் மாடிதான் ஊஞ்சல், உனக்குத் தெரியாததா. இது ஆடி மாசம், காற்றுக்குக் கரண்ட் போய்ப் போய் வருகிறது. முன்பெல்லாம் கரண்ட் வந்தால் விட்ட சேனல் வரும். உன் ஏற்பாட்டில் வந்தால் "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு நாலு பொம்மை முகம் நிற்கும். உனக்கொன்று, ரேவதிக்கொன்று, குட்டிக்கொன்று, எங்களுக்கென்று கண்ணாடி போட்ட ஒரு முகம். நைனா அந்த நாலு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, "யாரு இவங்க? வூட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்பார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. தினமும் வந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. சாயங்காலத்துக்கு மேல் உங்கள் வீட்டில் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் நின்றுவிடும். வேறு ஆள் பார்க்கிறார்கள், நீங்கள் பார்க்க முடியாது என்று எழுதி வரும். எத்தனை பேர் பார்க்கலாம் என்று ஏதோ கணக்கு வைத்திருக்கிறார்களாம். நீங்கள் முடிக்கும்வரை நான் காத்திருப்பேன். குழந்தை பார்க்கிறது, பார்க்கட்டும் என்று. நைனா எழுந்து போய் டிவியின் தலையில் தட்டுவார். "செத்துப்போச்சி" என்பார். அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பெற்ற பிள்ளையிடம், நீ டிவியை நிறுத்து, நாங்கள் பார்க்க வேண்டும் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லியிருக்க வேண்டும். இப்போது தெரிகிறது. எனக்கு வீம்பு ஜாஸ்தி என்று உன் நைனா எப்போதும் சொல்வார்.

கஸ்தூரியை உனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு பால்வாடியில் சமைத்தவள், உனக்குப் பருப்புச் சோறு ஊட்டியவள். அவள் போய்விட்டாள். நம் ஊர் கேபிள் சேனலில் அடியில் எழுத்து ஓடுமே, இன்னார் காலமானார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்று, அதில் அவள் பெயரும் ஓடியிருக்கிறது. ஊரெல்லாம் பார்த்திருக்கிறது. எல்லோரும் டிவியில் பார்த்திருப்பாள் என்று நினைத்து எனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எடுத்ததற்கு மறுநாள் பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே சட்டியில் முப்பது வருஷம் கரண்டி போட்டவர்கள் நாங்கள். அவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. துக்கம் கேட்கவாவது போக வேண்டும், சிங்கவரம் ரோட்டில்தான் வீடு. ஆனால் இவரை யாரிடம் விட்டுப் போவது? பக்கத்து வீட்டுக்காரர்கள் பெண்ணின் பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். கூட்டிக்கொண்டு போகவும் முடியாது, சாவு வீட்டில் "கறி எடுக்கலியா" என்று கேட்பார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நீதானே சொன்னாய். பால்வாடியில் மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைக்க நான் என்ன செய்வேன்? ஜன்னலைச் சாத்துவேன், துணியைத் தொங்கவிடுவேன், குரலைத் தாழ்த்துவேன். அதையேதான் செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன். வாசலுக்குப் பழைய போர்வையைக் கட்டினேன். லைட்டைப் போட்டேன். தேடிப் பிடித்து அந்த ராத்திரி சீரியலைப் போட்டேன். பாட்டு வந்ததும் அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார் முரளி! மத்தியானம் மூன்று மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். தூங்குவதற்குக் கொடுத்திருக்கிற ராத்திரி மாத்திரையைக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டு, "இன்னைக்குச் சீக்கிரம் பொழுது போயிடுச்சி" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அடுத்து ரேஷன் கடைக்குப் போக ஒரு ராத்திரி செய்தேன். பிறகு என் பல்லைப் பிடுங்க ஒரு ராத்திரி. அப்புறம் ஒன்றுக்கும் இல்லை, நான் தூங்க வேண்டும் என்பதற்காகவே செய்தேன். உண்மையான ராத்திரியில் அவர் தூங்குவதில்லையே, கட்டிலுக்கும் கதவுக்குமாக நடக்கிறார், தாழ்ப்பாளை ஆட்டுகிறார், என் முகத்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பகலில் அவரைத் தூங்கவைத்து நானும் படுத்தேன். அதனால் ராத்திரியில் இன்னும் மோசமானது. அது தெரிந்தும் செய்தேன். அந்தக் கொஞ்ச நேரத் தூக்கத்துக்கு நான் எதையும் செய்கிற நிலைக்கு வந்துவிட்டேன். ஏற்கனவே பொழுது தெரியாத மனுஷனிடம் மிச்சமிருந்த பொழுதையும் நான்தான் பிடுங்கிக்கொண்டேன். அவருக்கு எது காலை, எது மாலை என்ற பிடி முழுக்க விட்டுப்போனது என் கையால்தான்.

போன வாரம் அப்படித்தான் தூங்கவைத்தேன். பக்கத்தில் நானும் படுத்தேன். பூட்டினேனா இல்லையா என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. நான் கண் திறந்தபோது வீடு இருட்டிக்கொண்டு வந்தது, கட்டில் காலி. பாத்ரூமில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. குளித்திருக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டை கொடியில் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. பொழுது சாய்கிற வெளிச்சத்தை விடிகிற வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கமிட்டிக்குப் போக வேண்டுமென்றால் திருவண்ணாமலை ரோட்டைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தில் லாரி எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் "எங்க வூட்டுக்காரரப் பாத்தீங்களா" என்று கேட்டேன். தலைவிரி கோலமாக ஒருத்தி இப்படிக் கேட்டால் யார் நின்று பதில் சொல்வார்கள்? ரோட்டோரம் ஒவ்வொரு இடமாக ரத்தம் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, பார்த்துக்கொண்டேதான் போனேன்.

பாதி வழியில் கஜேந்திரன் பைக்கில் எதிரே வந்தான். பின்னால் உன் நைனா, தலை சீவி, சட்டையில் எல்லாப் பட்டனும் போட்டுக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். "கமிட்டி கேட்டாண்ட குந்திகினு இருந்தாரும்மா. இன்னும் தொறக்கலியேன்னு வாட்ச்மேனாண்ட சண்ட போட்டுகினு இருந்தாரு" என்றான். "வெவசாயிங்க மூட்டையோட காத்துகினு இருக்காங்கோ, ஒரு பொறுப்பு வேணா?" என்று நைனா எங்களைத் திட்டினார். கஜேந்திரன், "ஆமாங்க நைனா, நாளைக்கு நான் சொல்லி வெக்கிறேன்" என்றான். உன்னோடு படித்தவன். அவனுடைய இணைப்பை நீ அறுத்துவிட்டுப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். சாத்தியதும் உன் நைனாவை அடித்தேன் முரளி. கன்னத்தில் அடித்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என்மேல் கை நீட்டியதில்லை, குடித்துவிட்டு வந்த நாளில்கூட. நான் அடித்தேன். அடித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாக என் எதிரில் குந்தி, "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? இன்னாத்துக்கு அழுவுற? பொழுது போயிடுச்சி பாரு. வூட்டுல தேடுவாங்க, போ" என்றார். எங்கே போவேன், சொல்.

மறுநாள் காலையிலேயே கஜேந்திரன் பெட்டியோடு வந்து நின்றான். "காசப் பத்திப் பேசாதம்மா. நான் மாட்டிட்டுப் போறேன். பழையபடி சரியாயிடுவாரு" என்றான். நானும் அதைத்தான் நம்பினேன். உன்னுடைய சிவப்பு மஞ்சள் ஒயரையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்தோம். அன்றைக்கு முழுக்க நான் ராத்திரிக்காகக் காத்திருந்தேன். இட்லியை ஆவி பறக்க வைத்துக்கொண்டு, டிவி முன்னால் அவரை உட்கார்த்தி வைத்துக்கொண்டு. அந்த நேரம் வந்தது. வேறு பாட்டு வந்தது. வேறு பெண் வந்தாள். நம் சீரியல் எப்போதோ முடிந்துவிட்டதாம், மத்தியானத்தில் நான் தேடிப் போட்டதெல்லாம் பழையதாம். அந்த இடத்தில் புதிதாக ஏதோ போட்டிருக்கிறார்கள். நைனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் செய்தியின் மேளச் சத்தம் கேட்டும் தட்டை எடுக்கவில்லை. சாமி பாட்டுக்கு எழுந்துகொள்ளவில்லை. இந்த ஆறேழு மாசத்தில் அதெல்லாமே அவருக்குள் அழிந்துபோய்விட்டது. பழைய பெட்டியும் வந்தது, பழைய ஒயரும் வந்தது, அந்த மனுஷன் திரும்பி வரவில்லை. இதில் நீ பெரிய டிவியை அனுப்பி என்ன ஆகப்போகிறது?

இனிமேல் எழுதப்போவதை ரேவதியிடம் காட்டாதே. அந்த மறுநாள் சாயங்காலம் ராத்திரி மாத்திரையைப் பிரிக்க உட்கார்ந்தேன். அட்டை முழுசாகக் கையில் இருந்தது. மத்தியானத்தை ராத்திரியாக்கத் தெரிந்தவளுக்கு, விடியாத ராத்திரி ஒன்றைச் செய்யத் தெரியாதா என்று தோன்றியது. அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும் சேர்த்து. பயமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேலையை முடித்துவிட்டு உட்காரலாம் என்பது போல, அவ்வளவு சாதாரணமாகத் தோன்றியது. நல்லவேளை, பால் பொங்கி அடுப்பில் வழிந்து, தீய்ந்த நாற்றத்தில் எழுந்து ஓடினேன். திரும்பி வந்து அந்த அட்டையைத் தொடவில்லை. கஜேந்திரனைக் கூப்பிட்டுக் கொடுத்து, "உன் வூட்டுல வெச்சிரு, தெனம் ஒண்ணு மட்டும் கொண்டாந்து குடு" என்றேன். "ஏம்மா?" என்றான். "எலி கடிக்குதுப்பா" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருகிறான், ஒன்று கொடுக்கிறான், அவர் விழுங்குகிறவரை நிற்கிறான். உனக்குப் போன் பண்ணுகிறேன் என்றான். நானே எழுதுகிறேன் என்று தடுத்துவிட்டேன்.

உன்னை நான் கெட்ட பிள்ளை என்று சொல்லவில்லை. மாசம் தவறாமல் பணம் அனுப்புகிறாய், மருந்து அனுப்புகிறாய், எந்தக் குறை சொன்னாலும் மறுநாளே ஏதாவது ஒரு பார்சல் வாசலில் வந்து நிற்கிறது. இதைவிட ஒரு பிள்ளை என்ன செய்வான் என்று ஊரில் கேட்கிறார்கள். ஆனால் நான் குறை சொல்லும்போதெல்லாம் உனக்குச் சாமான்தான் ஞாபகம் வருகிறது கண்ணு. பெற்றவளாகச் சொல்கிறேன், மனசில் வை. ஒருத்தருக்கு நல்லது செய்கிறேன் என்று அவர்கள் வீட்டில் ஒன்றைக் கழற்றுவதற்கு முன்னால், அதை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படிப் பொழுதை ஓட்டுகிறார்கள் என்று ஒருநாள் முழுக்கக் கூடவே உட்கார்ந்து பார். நீ பொங்கலுக்கு வந்து மூன்று நாள் இருந்தாய், டிவிக்குப் பின்னால் இருந்தாய், எங்களுக்கு முன்னால் உட்காரவில்லை. நாளைக்கு உனக்கும் வயசாகும். அப்போது ரேவதியைத் தனியாக ஒரு வீட்டில் உன்னோடு விட்டு வைக்காதே. அவள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும் விடாதே. நானும் நல்லவளாகத்தான் இருந்தேன்.

நீ வா. பணம் வேண்டாம், ஆள் வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, இனி நான் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறினால் திருவண்ணாமலையில் மாறி, விடிவதற்குள் செஞ்சிக்கு வந்துவிடலாம். வந்து என்ன செய்வது என்று நீயே முடிவு பண்ணு. இங்கேயே ஆள் வைப்பதா, டாக்டரிடம் காட்டுவதா, எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போவதா, இவருக்கென்று ஒரு இடம் பார்ப்பதா, எதற்கும் நான் தலையாட்டுகிறேன். முன்பு முதியோர் இல்லம் என்று நீ வாயெடுத்ததற்கு உன்னோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தேன். இப்போது அந்த வீம்பெல்லாம் போய்விட்டது. எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.

அவருக்கு உன்னை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். சுவரில் இருக்கிற உன் கல்யாணப் படத்தைப் பார்த்து, "மாப்பிள்ள யாரு, நல்லா லட்சணமா கீறாரே" என்று கேட்டார். அதற்காக வாசலில் நின்று அழுதுவிடாதே, அழுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பயம். நான்தான் உங்கள் மகன் என்று மல்லுக்கட்டாதே. கிட்ட உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள். நெல்லு இன்னா ரேட்டு போவுது, ஈரம் ஜாஸ்தியா என்று கேள். அதை மட்டும் இன்னும் பேசுகிறார். பேசப் பேசக் கை நடுக்கம் நின்றுவிடும்.

என்னிடம் எதையும் கேட்காதே. இளைத்துவிட்டாயே அம்மா என்று சொல்லாதே, ஊருக்கு வாங்கிவந்ததைப் பிரித்துக் காட்டாதே. டீ வேண்டுமென்றால் நீயே போட்டுக்கொள். கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை உன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார். நீ உட்கார்ந்துவிட்டாய் என்று பார்த்ததும் நான் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வேன். காலையா, மத்தியானமா, எந்த நேரமாக இருந்தாலும் சரி. நானாக எழுந்து வரும்வரை என்னை எழுப்பாதே.

அம்மா